இங்குனின் ஓய்வு

"ஒரே பெட்டி அடுக்குதான் ரெண்டு பேர் தோள்லயும் சரிஞ்சுது. ஸ்டெயினார் வேலைக்கு வந்துட்டான். இங்குன் இன்னும் லீவுல இருக்கா. பொம்பளைங்களே இப்படித்தான்!"

அந்த நார்வே மீன் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் ஹால்வார் இப்படிப் பொருமினார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பனியில் காரை ஓட்டிக்கொண்டு இங்குன் வீட்டுக்குப் போனார்.

இங்குன் வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். இடது கையால் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். காலைக் கட்டிக்கொண்டு குழந்தை அழுதது.

"டாக்டர் தோளை அசைக்காம ஓய்வெடுக்கச் சொன்னாரே! இப்படி வேலை செஞ்சா எப்படிங்க குணமாகும்?"

"வேற யாரு செய்வா? வீட்டுக்காரருக்கும் அடி. அவரைப் படுக்க வெச்சு, சூப் ஊட்டி, ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடாம நான்தான் பார்த்துக்கிட்டேன்."

"ஐயோ பாவம். இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா ஆயிட்டார். வேலைக்குக்கூடப் போறார்."

கதவு திறந்தது. "இங்குன், சாப்பாடு ரெடியா? பசி உயிர் போகுது!" என்றபடி உள்ளே வந்த ஸ்டெயினார், மேலாளரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

ஹால்வார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்டெயினார், நாளையிலேர்ந்து நீ லீவு எடுத்துக்க."

"நானா? எனக்குத்தான் தோள் சரியாயிடுச்சே!"

"அதனாலதான். இவங்களுக்கு இன்னும் ஆகலை."