சத்தமில்லாத வெளியீடு

பறவைகளைப் பற்றி எழுதும் சுகிர்தாவின் புதிய புத்தகம், வெளியீட்டு விழாவுக்காக வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டி, அவர் வீட்டு ஜன்னல் திட்டில் இருந்தது. அச்சகத்திலிருந்து வந்த ஒரே கட்டு. விழாவுக்குக் கிளம்பும்போது பார்த்தால் அதன்மேல் ஒரு சின்னான் குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. மனிதர் புழங்கும் அறைக்குள் சின்னான் கூடு கட்டவே கட்டாது என்று அந்தப் புத்தகத்தில்தான் அவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"மெதுவா நகர்த்திடலாமே மேடம், மண்டபத்துல எல்லாரும் காத்திருக்காங்க," என்றார் பதிப்பாளர் ஜெயசீலன்.

"தொட்டா விட்டுட்டுப் போயிடும் சார். எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க. செருப்பக் கீழயே விடச் சொல்லுங்க."

வந்தவர்கள் சுவரோரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிறப்பு விருந்தினர் ரிப்பனை அவிழ்க்கக் கையை நீட்டுவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார். சின்னான் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு ரிப்பனின் நுனியைக் கவ்வி இழுத்தது. முடிச்சு அவிழ்ந்தது. ரிப்பனைக் கூட்டுக்குள் செருகிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டது.

"வெளியிட்டாச்சு," என்று கிசுகிசுத்தார் ஜெயசீலன்.

அறையிலிருந்தவர்கள் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் சுகிர்தா.