தையல் அறைக்குப் பின்வாசல்

“யன்னலைப் பெரிசாக்குங்கோ மேசன். தைக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்,” என்றாள் ஞானாம்பிகை. “போய்வரப் பின்பக்கம் ஒரு வாசல் வையுங்கோ. வீட்டுக்குள்ளை வாற கதவைக் கல்லு வைச்சு அடைச்சுவிடுங்கோ.”

“மாமி, அந்தக் கதவு இருக்கட்டுமே,” என்றாள் சாருஜா, மெஷினைத் துடைத்தபடி.

“தைக்கிறவளுக்கு வீட்டுக்குள்ளை என்ன அலுவல்?”

ஞானாம்பிகை உள்ளே போய்விட்டாள். மேசன் தம்பிஐயா கதவு நிலைக்குள் இரண்டு வரி கல் வைத்தார்.

“குறை நினையாதை பிள்ளை. கூலிக்குத் தைக்கிறவளுக்கு ஆர் உப்பிடி அறை திருத்திக் குடுப்பினம்? என்னைக் கூட்டிவந்த அவவின்ரை மகன் செந்தூரனும் நல்ல பெடியன்.”

“ஓம் அண்ணை. அவருக்கும் எனக்கும் பதிவுக் கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம்.”

தம்பிஐயா தூக்கிய கல்லைக் கீழே வைத்தார். “அப்ப, மாமி எண்டது? ஊரிலை எல்லாரும் கூப்பிடுற மாதிரியெண்டெல்லோ நினைச்சன்.”

“சொந்த மாமிதான். நான் அவையின்ரை சாதியில்லை. அதாலை ஊருக்குத் தையல்காரி.”

“செந்தூரன் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“உந்தக் கல்லை வாங்கிவந்து இறக்கினதே அவர்தான்.”

“நான் இதை அடைக்கமாட்டன் பிள்ளை.”

“அடையுங்கோ அண்ணை.”

சாருஜா எழுந்தாள். கல் வரிசையைத் தாண்டி வீட்டுக்குள் போய் நின்றாள்.

“இப்ப அடையுங்கோ.”