கொக்கு எழுதிய முயல் வரலாறு

மேட்டில் வாழ்ந்த முயல்களை நரிகள் ஒரே பகலில் கொன்று தீர்த்தன. தப்பியது ஒரு முயல்தான். அந்த அழிவைப் பற்றி நூல் எழுத ஒரு கொக்கு வந்தது. உலகில் நடப்பதெல்லாம் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தால்தான் என்பது அதன் கோட்பாடு. குளத்திலேயே நின்று நின்று கண்டுபிடித்தது.

"நரிகள் எங்கள் வளை வாசல்களை மண்ணால் அடைத்தன, ஐயா. ஒன்றை மட்டும் திறந்துவைத்துக் காத்திருந்தன," என்றது முயல்.

"அப்போது குளத்தில் தண்ணீர் எவ்வளவு?"

"வற்றிக் கிடந்தது. ஆனால் என் தங்கையைக் கடித்தது குளம் இல்லையே."

"உணர்ச்சிவசப்படாதே அம்மா. இது ஆராய்ச்சி."

"நரி என்று ஓரிடத்திலாவது எழுதுங்கள். கிழக்கு மேட்டு முயல்களாவது படித்துவிட்டுத் தப்பிக்கட்டும்."

கொக்கு யோசித்து எழுதியது: 'குளம் வற்றியது. முயல்கள் குறைந்தன.'

வெளியீட்டு விழாவுக்கு நரி தலைமை தாங்கியது. சாட்சி சொன்ன முயலுக்கு அழைப்பு இல்லை. கொக்குக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு நரி கேட்டது: "கிழக்கு மேட்டுக் குளமும் வற்றுகிறதாமே?"

"ஆமாம். அங்கேயும் முயல்கள் குறையும்," என்றது கொக்கு பூரிப்போடு.

"கவலைப்படாதீர்கள் ஐயா. உங்கள் கோட்பாடு பொய்க்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."