மேரி வீட்டுக் குளியல்

மேரி வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு விஜய் வெளியே வந்தான். தலையில் ஈரம், முகத்தில் பவுடர், மடிப்புக் கலையாத சட்டை. சந்தன சோப்பு வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது.

இந்தக் கண்கொள்ளாக் காட்சியை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மாசிலாமணி. விஜய்க்குப் பெண் கொடுத்த மாமனார். ஒரே பாய்ச்சலில் போய் மாப்பிள்ளையின் காலரைப் பிடித்தார்.

"எவ வூட்லடா குளிச்சிட்டு வர்றே? வெக்கமா இல்லே உனக்கு?"

"மாமா! எப்ப வந்தீங்க? ஐயோ, கையை எடுங்க. சட்டையில படுது!"

"ஓகோ! என் கை பட்டா தொரை சட்டை கெட்டுப் பூடுமா?"

நேற்று சாயங்காலம் பிடித்த கோபம் அது. ஆரம்பாக்கத்துக்கு வந்திருந்த திரௌபதி, விஜய் தெருக்காரி, சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "உன் மருமவன் தெனம் அந்த மேரி வூட்லதான் குளிக்கிறான். வலைகூட அவ வூட்டு மதில்லதான் காயுது. படுக்கறது மட்டும் தன் வூட்டு வாசல்ல. உன் பொண்ணு உள்ள தனியா கெடக்குது."

மாசிலாமணிக்கு அப்புறம் தூக்கம் ஏது? விடிந்ததும் பாதி இழுத்த வலையைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த கைலியோடு ரயில் ஏறிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, பொன்னேரி வரை பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். இறங்கியதும் முதல் வேலையாக ஓர் ஆட்டோவைப் பேசி, தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார். பெண்ணைக் கையோடு கூட்டிப் போவது என்று முடிவே செய்துவிட்டார்.

"புருசன் துபாய்ல கீறான், அவ வூட்ல உனக்கு இன்னாடா வேலை?"

"அது இன்னான்னா மாமா, வித்யாவுக்கு..."

"அவ பேரை உன் வாயால சொல்லாதே!" பளாரென்று ஓர் அறை விழுந்தது.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. விஜய் சுற்றிலும் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். காரணம் தெருவில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று மனைவி வித்யா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் இந்த ஊர் மாதக்கணக்கில் சிரிக்கும்.

"பாத்தியா, வாயத் தொறக்கறானா பாரு! திருட்டுப் பய!"

மாசிலாமணி மகள் வீட்டை நோக்கி நடந்தார். விஜய் ஓடிவந்து வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"உள்ள போவாதீங்க மாமா. உங்க கால்ல வோணா விழறேன்."

"பெத்தவன் உள்ள போவக் கூடாதா? அப்படி இன்னாடா பண்ணி வெச்சிருக்கே என் பொண்ணை? ஆட்டோ கொண்ணாந்திருக்கேன், இப்பவே கூட்டிக்கினு போயிடுவேன்!"

"அவளை ஆட்டோவுல ஏத்தாதீங்க. வயித்துல ரெட்டை. இப்பத்தான் மூணாவது மாசம். இந்தக் குண்டும் குழியுமான ரோட்ல குலுங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க மாமா. எதனா ஆயிடுச்சுன்னா..."

"உன்கிட்ட வுட்டுட்டுப் போனாதான்டா ஆவும்!"

அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்.

கட்டிலில் வித்யா சுருண்டு கிடந்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், கைவளையல் முழங்கை வரை ஏறியது. இரண்டு உயிரைச் சுமக்கிறவள் இருக்கிற லட்சணமா இது?

அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஒரு சட்டி ரசம், கொஞ்சம் சோறு, எலுமிச்சை ஊறுகாய். அவ்வளவுதான்.

"அடப்பாவி! ஏரி நெறைய மீனு கீது. என் பொண்ணுக்கு வெறும் ரசமாடா? நல்ல மீனெல்லாம் அந்த மேரிக்கா?"

விஜய் வாசலிலேயே நின்றான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அப்போதும் அவன் கண் மாமனார் மேல் இல்லை, வித்யா மேலேயே இருந்தது.

சத்தம் கேட்டு வித்யா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "நைனா..."

அந்த ஒரு வார்த்தையில் மாசிலாமணி உடைந்துபோனார். "வா கண்ணு, நம்ம வூட்டுக்குப் போலாம். இவன் மூஞ்சியிலயே இனிமே முழிக்க வேணாம்" என்று மகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

வித்யா திமிறினாள். இரண்டு கையாலும் அப்பாவைத் தள்ளிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அடிவயிற்றிலிருந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள்.

மாசிலாமணி அசைவதற்குள் விஜய் அவளிடம் இருந்தான். ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டான். மறு கை, மாடத்தில் தயாராக இருந்த எலுமிச்சை மூடியை எடுத்து அவள் மூக்கருகே பிடித்தது. வாய் கொப்பளிக்கச் சொம்பில் தண்ணீரும் அங்கேயே இருந்தது. தினம் செய்கிறவன் கை அது.

"பட்டினி போட்டா வாந்திதான் வரும்!" மாசிலாமணி விஜயைப் பார்த்துக் கத்தினார். "எழுந்து வாம்மா. ஆட்டோ நிக்குது. நான் தூக்கிக்கினு போறேன்."

அவர் ஓர் அடி எடுத்து வைத்ததுமே வித்யா புருஷனின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையை நீட்டி அப்பாவைத் தடுத்தாள்.

"கிட்ட வராத நைனா! ஒரே மீன் கவுச்சி. நீயும் போய் மேரியக்கா வூட்ல குளிச்சிட்டு வா!"