அடுப்புக்குப் பக்கத்தில்

துணி இன்றும் காயவில்லை. மருமகள் அலுப்போடு திருப்பிப் போட்டாள்.

"மாமா, ஒரு ஹீட்டராவது வாங்குவோமே. விரலெல்லாம் மரத்துப்போகுது."

"போர்ல நாங்க பார்க்காத குளிரா?" என்றபடி மாமனார் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே பாட்டுதான்.

மாலையில், போரில் அவருடைய படைக்கு லாரி ஓட்டிய டிரைவர் வந்தார். மாமனார் பால் வாங்கப் போயிருந்தார். மருமகள் கேட்டே விட்டாள்.

"அந்தக் குளிரை மாமா எப்படித்தான் தாங்கினார்?"

"அவனுக்கேதும்மா குளிர்? அவன் சமையல்காரன். அடுப்பை விட்டு நகரவே இல்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறாரே!

"வரட்டும், கேக்கறேன்."

"கேக்காதேம்மா." டிரைவரின் குரல் இறங்கியது. "அடுப்பைச் சுத்திக் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். கதகதன்னு கண்ணு சொக்கறவனை எழுப்பி வெளியே அனுப்பிட்டு, அடுத்தவனை உள்ளே விடணும். அதுவும் அவன் வேலைதான். வெளியே போன எல்லாருமா திரும்பி வந்தாங்க?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் பாலை நீட்டினார். அவள் அதை அடுப்பில் வைத்துவிட்டு, சற்று நகர்ந்து அவருக்கும் அடுப்பருகே இடம் விட்டாள்.

"நீ நில்லும்மா," என்றார். "நான் வெளியே இருக்கேன்."