வாசல் கணினியில் திறந்த ஜன்னல்

தொண்ணூற்றாறு.

அவன் விரல் என்டரின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

அழுத்தினால் ஜெனிட்டா என்ற ஆய்வு மாணவியின் ஜன்னல் மூடிக்கொள்ளும். பல்கலைக்கழகம் மூச்சு விடும்.

பகல் மூன்று மணி. பல்கலைக்கழகக் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. உள்ளே இருநூறு கணினிகள். வாசலில் ஒன்றே ஒன்று. எங்கிருந்து இணைந்தாலும் எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாசலிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. டிக்கெட் கவுண்டரை மறித்துக்கொண்டு யாராவது அடுப்புப் பற்றவைப்பார்களா?

இந்தப் பெண் பற்றவைத்திருந்தாள். அதுவும் பிரியாணிக்கு.

வாசல் கணினியின் நினைவகம் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பிவிட்டது. நூற்றைத் தொட்டால் உறைந்துவிடும். அதில் இருக்கும் அறுபத்திரண்டு பேரின் வேலையும் போய்விடும்.

மூடுவதற்கு முன்னால் ஒரு போன் போடுவது அவன் வழக்கம். விதியில் அது இல்லை. விதியை எழுதியவன் அவன்தான். எழுதிய அன்றைக்கு மட்டும் கறாராக இருந்தான்.

"சார், சார், கில் பண்ணிராதீங்க சார்! சேவ் அழுத்திட்டேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"எப்பலருந்தும்மா வேலை பாக்குற?"

"காலைல ஆறு மணிலருந்து சார்."

"நடுவுல ஒரு தடவகூட சேவ் பண்ணலையா?"

"பண்ணுனா பத்து நிமிசம் அப்படியே நின்னுருமாம் சார். அதான்..."

அதான். இந்த நாட்டின் முனைவர் பட்டங்களில் பாதி இந்த 'அதான்'களின் மேல்தான் நிற்கிறது.

அவள் தூத்துக்குடியில், வீட்டில் இருந்தாள். மென்பொருள் ஓடுவது இங்கே. அங்கே போய்ச் சேர்வது அதன் படம் மட்டும். அவள் அங்கே கோடு இழுத்தால் அது இங்கே விழுந்து, விழுந்த கோட்டின் படம் ஆடி அசைந்து திரும்பிப் போகும்.

முட்டைக்குள் நான்கு நாள் ஆன கோழிக்குஞ்சின் இதயம். இருநூற்று எழுபது துண்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் இதயத்தின் ஓரத்தைக் கையால் வரைந்திருக்கிறாள். மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்று ஐந்து மணிக்குள் இந்த இதயம் வழிகாட்டியின் கையில் இருக்க வேண்டும். உள்ளே இடம் கேட்டு, வீட்டிலிருந்தபடியே இரண்டு நாள் வரிசையில் நின்றாள். கிடைக்கவில்லை. வாசலிலேயே திறந்துவிட்டாள்.

இண்டர்காம் அடித்தது. கணினி மையத்தின் தலைவர், பேராசிரியர் திருஞானம்.

அவன் எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழு.

அவளுடைய கோப்பை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஜிபி. கொஞ்ச நேரத்தில் ஒன்றரை.

"முழுசா எவ்வளவும்மா வரும்?"

"தெரியல சார். இதுவரைக்கும் சேவ் பண்ணதே இல்லையே."

நியாயம்தான்.

இண்டர்காம் நின்றது. மறுபடி அடித்தது. அதன் மேல் கைக்குட்டையைப் போட்டான். சத்தம் குறையவில்லை. ஏதோ செய்த திருப்தி.

தொண்ணூற்றெட்டு.

மூடினால் ஒரு கோழிக்குஞ்சு போகும். மூடாவிட்டால் அறுபத்திரண்டு பேர் போவார்கள், கோழிக்குஞ்சையும் சேர்த்து.

வேறு யாராவது கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டால் போதும். யார் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தான். முதல் வரியைத் தாண்டி அவன் படித்ததே கிடையாது. முதல் வரியைப் பிடித்தால் ஊர் அடங்கிவிடும் என்பது பதினோரு வருட அனுபவம்.

முதல் வரி, ஜெனிட்டா.

இரண்டாம் வரி, அவன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தான். அவனேதான்.

திங்கட்கிழமை திறந்தது. வாசலில் யார் விதியை மீறுகிறார்கள் என்று வண்ண வண்ண வட்டங்களாகக் காட்டும் ஜன்னல். அதை வாசலிலேயே திறந்திருந்தான். மறந்தும் போயிருந்தான். நான்கு நாளாக அது ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது.

காவலுக்கு விட்ட நாய் சோற்றுப் பானைக்குள் தலையை விட்டிருந்தது.

மூடப் பார்த்தான். மூடவில்லை. மறுபடி அழுத்தினான். படம் அசையவில்லை. தூத்துக்குடியில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது.

தொண்ணூற்றொன்பது.

என்டருக்காகக் காத்திருந்த கட்டளைக்குத் திரும்பினான். அதில் அவள் ஜன்னலின் எண்ணை அழித்தான். தன் ஜன்னலின் எண்ணைத் தட்டினான்.

அழுத்தினான்.

தொண்ணூற்றிரண்டு.

"சார்..."

"என்னம்மா?"

"வட்டம் நின்னுருச்சு சார்."

கோப்பைப் பார்த்தான். இரண்டே கால் ஜிபி. மறுபடி பார்த்தான். இரண்டே கால்தான்.

"சேவ் ஆயிருச்சா, சிக்கிக்கிச்சா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, நீ அழுதா எனக்கு எப்படித் தெரியும்? என்ன எழுதியிருக்குன்னு படி."

"சேவ் ஆயிருச்சுன்னுதான் சார் போட்டிருக்கு."

"மூடு. இப்பவே மூடு. போய் மொதல்ல சாப்புடு."

முப்பத்தொன்று.

கைக்குட்டைக்கு அடியில் இண்டர்காம் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தான்.

"என்னய்யா நடக்குது அங்க? அரை மணி நேரமா ஒண்ணும் நகரல. வாசல்ல எவன் கடை போட்டது?"

"இப்ப சரியாயிருச்சு சார்."

"சரியானத யாரு கேட்டா? விதின்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க எழுதுனதுதான். ஒரு மாசத்துக்கு அக்கவுண்ட முடக்கணும். பட்டியல் எடுத்தீங்கல்ல? படிங்க."

பட்டியல் திரையில் அப்படியே இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

இரண்டாம் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.