இரண்டாவது உறை

மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி எனத் துறைக்கு ஒருவராக நான்கு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து எச்.ஐ.வி. சிகிச்சை சொல்லித் தருகிறார் பேராசிரியர். நோயாளி நாற்காலியில் இருப்பது பயிற்சிக்காக ஒளியால் உருவாக்கிய என் ஹாலோகிராம் உருவம். முப்பது வருடமாக எச்.ஐ.வி.யோடு வாழும் நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பல் மருத்துவ மாணவன் கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை மாட்டினான். அவனைப் பார்த்து மற்ற மூவரும் மாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அவனிடம் போனேன்.

“அது வெறும் வெளிச்சம் தம்பி. தொட்டாக்கூட கையில படாது. அதுக்கு எதுக்கு ரெண்டு உறை?”

“பழகிடுச்சு ஆன்ட்டி.”

“யாரைப் பார்த்துப் பழகுன?”

அவன் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். காலையில் எனக்குக் கைகொடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு உறைகளையும் அவர் இன்னும் கழற்றவில்லை.